ஒரே வாயில் ஆறு வடிவம்: சுறாப் பல் புதைபடிவத்தை இனம் காண்பது எப்படி?

சுறாப் பல் சேர்க்கத் தொடங்கிய புதிதில் என்னிடம் ஆறு "இனங்கள்" இருந்தன. எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்த ஒரு கைப்பிடிப் பற்கள்தாம். ஊசி மாதிரி நீண்டது, குட்டையாக அகன்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பயறு அளவே இருந்தது என்று வடிவம் பார்த்துப் பிரித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு லத்தீன் பெயரைத் தேடிப் பிடித்துத் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்தேன். ரொம்ப நாள் கழித்து மணற்புலிச் சுறா ஒன்றின் முழுத் தாடைப் படம் கண்ணில் பட்டது. என் ஆறு டப்பாவும் அந்த ஒரே வாய்க்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

புதிதாகச் சேர்ப்பவர்கள் எல்லோரும் இந்தக் குழியில் ஒரு முறையாவது விழுவார்கள். நமக்கு வாயின் முன்னால் இருக்கும் வெட்டுப்பல் ஒரு மாதிரி, உள்ளே கடைவாய்ப்பல் வேறு மாதிரி. சுறாவுக்கும் அப்படித்தான். தாடையில் இடம் மாற மாற வடிவம் மாறும். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் வேறுபடும். குட்டிக்கும் முதிர்ந்ததற்கும் வேறுபடும். ஆகவே "இது எந்தச் சுறா?" என்று எடுத்த எடுப்பில் கேட்கக் கூடாது. முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. இது வாயில் எந்த இடத்துப் பல்? இது எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது? இவற்றுக்கு விடை தெரிந்தால் பெயர் பாதி வழி வந்துவிடும்.

பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது

சுறாவின் உடம்பில் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். செத்ததும் அது பெரும்பாலும் மக்கிப் போய்விடும். பல் அப்படியல்ல. அதன் உட்பகுதி டென்டைன். மேலே எனாமலைப் போன்ற கடினமான உறை. அந்த உறையில் இருப்பது ஃப்ளூரபடைட் என்ற கனிமம். பிறக்கும்போதே பாதிக் கல் என்று சொல்லலாம். தவிர, சுறாவுக்குப் பல் விழுந்து முளைப்பது ஆயுள் முழுக்க நடக்கும் வேலை. முன்வரிசை உதிர உதிர, பின்னால் மடங்கிக் கிடக்கும் அடுத்த வரிசை நகர்ந்து வந்து நிமிரும். இளம் எலுமிச்சைச் சுறாவில் ஒரு பல்லின் இடத்தை அடுத்தது பிடிக்க ஏறத்தாழ 8 நாள்தான் ஆகிறது. ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது. முழு டைனோசர் எலும்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. சுறாப் பல்லோ, சரியான படிவில் ஒரு காலைநேரம் குனிந்து தேடினாலே சட்டைப்பை நிறையும்.

இவை பற்கள் என்பதே ஒரு காலத்தில் தெரியாது. ஐரோப்பாவில் இவற்றை "நாக்குக் கற்கள்" என்றார்கள். சந்திர கிரகணத்தின்போது வானத்திலிருந்து விழுபவை என்று எழுதி வைத்தார் ரோமானியர் பிளினி. மால்டா தீவில் கிடைத்தவற்றை விஷத்துக்கு முறிவாக அணிந்துகொண்டவர்களும் உண்டு. 1666-இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை ஃபுளோரன்ஸுக்கு வந்தது. அதை அறுத்துப் பார்த்த டென்மார்க் நாட்டு உடற்கூற்று அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோ, நாக்குக் கல்லும் சுறாப் பல்லும் அச்சு அசலாக ஒன்றே என்று அடுத்த ஆண்டு எழுதினார். ஃபாபியோ கொலோன்னா என்ற இயற்கை ஆய்வாளர் அதை 1616-லேயே சொல்லியிருந்தார். ஆனால் ஸ்டெனோ அதோடு நிற்கவில்லை. கடல் பிராணியின் பல் மலைப்பாறைக்குள் எப்படிப் போனது என்று யோசித்துக்கொண்டே போய், பாறை அடுக்குகளில் கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்ற விதிக்கு வந்து சேர்ந்தார். உங்கள் பல்லின் வயதை இன்றும் சொல்வது அந்த விதியின் வழியில் படித்தறிந்த அடுக்குகள்தாம்.

நிறம் வயதைச் சொல்லாது. கறுப்பாக இருந்தால் மிகப் பழையது, வெளுத்திருந்தால் புதியது என்று பலர் நம்புகிறார்கள். புதைந்து கிடந்த மண்ணின் கனிமங்கள் ஊறித்தான் பல் நிறம் பெறுகிறது. பாஸ்பேட் மண்டிய படிவு பல இடங்களில் பல்லைக் கறுப்பாக்கும், இரும்புச் சத்துள்ள படிவு செம்பழுப்பாக்கும். மொராக்கோவின் பாஸ்பேட் வயல்களிலிருந்து வரும் பற்களோ 5 கோடி ஆண்டுக்கு மேல் பழையவை. ஆனாலும் பெரும்பாலும் வெளிர்மஞ்சளாக, நேற்று பிடுங்கியது போல இருக்கும். நிறம் இடத்தை ஊகிக்க உதவும். காலத்துக்கு அதை நம்பாதீர்கள்.

ஒரு பல்லைக் கையில் எடுத்தால்

பல்லுக்கு இரண்டு பாகம். பளபளவென்று உறை மூடியது மகுடம். கீழே சொரசொரப்பாக, பெரும்பாலும் கவட்டை மாதிரி இரண்டு கால் விரித்து நிற்பது வேர். மகுடம்தான் அழகு என்பதால் எல்லோர் கண்ணும் அங்கேயே போகும். இனம் காணும்போது வேர் அதற்குச் சமமான சாட்சி. வேர் உடைந்த பல்லுக்குப் பெயர் சொல்வது, அட்டை கிழிந்த புத்தகத்தை நடுப்பக்கத்தை வைத்து இன்னது என்று சொல்வது போலத்தான்.

அடுத்து, எந்தப் பக்கம் வெளியே பார்த்தது என்று பாருங்கள். உதட்டுப் பக்கம் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். நாக்குப் பக்கம் புடைத்து, வேர் அந்தப் பக்கமாகத் துருத்தி நிற்கும். இரத்தக்குழாய் நுழைந்த சிறு துளையோ, வேரை நடுவில் பிளப்பது போன்ற பள்ளமோ இருந்தால் அதுவும் நாக்குப் பக்கம்தான். இதைப் பழக்கிக்கொண்டால் மற்றவை சுலபம்.

பிறகு விளிம்பு. தமிழில் இதற்கு அருமையான ஒரு சொல் இருக்கிறது: கருக்கு. கருக்கரிவாளின் வாய் எப்படியோ, பனைமட்டையின் ஓரம் எப்படியோ, அப்படிச் சில சுறாப் பற்களின் ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். நகத்தை மெல்ல ஓரத்தில் ஓட்டுங்கள். தடுக்கிக்கொண்டே போனால் கருக்கு உண்டு. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. ஆனால் அலையில் உருண்ட பல்லில் கருக்கு தேய்ந்து மழுங்கியிருக்கும். அப்போது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸை எடுத்து, விளிம்பு வேரைத் தொடும் மூலையைப் பாருங்கள். அந்த இடுக்கு ஒதுக்கமானது என்பதால் தேய்மானம் கடைசியாகத்தான் அங்கே எட்டும். இரண்டு மூன்று பற்களாவது பிழைத்திருக்கும். கருக்கு இல்லாத பல்லும் கருக்கு இழந்த பல்லும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொண்டு தவறாகப் பெயரிட்ட பற்கள் என் பெட்டியில் மட்டுமே ஒரு டஜன் தேறும்.

கருக்கு ஒரே சீராக இருக்கிறதா, ஒன்று பெரிது ஒன்று சிறிதாகத் தாறுமாறாக இருக்கிறதா, நுனி வரை போகிறதா, நடுவிலேயே நின்றுவிடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மகுடத்தின் அடியில் இரு பக்கமும் குட்டி முனைகள் இருந்தால் எண்ணுங்கள். மகுடத்துக்கும் வேருக்கும் நடுவே, நாக்குப் பக்கத்தில், நிறம் மாறிய ஒரு பட்டை தெரிகிறதா? அதைக் கழுத்துப் பட்டை என்று வைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும். கடைசியாகப் பல்லைப் பக்கவாட்டில் திருப்பி, நேராக இருக்கிறதா, பாம்பு மாதிரி வளைந்து நெளிகிறதா என்று பாருங்கள்.

வாயில் எந்த இடம்

முன்பற்கள் உயரமாக, நிமிர்ந்து, ஏறத்தாழ இரு பக்கமும் ஒத்து இருக்கும். பக்கப் பற்கள் அகன்று, வாயின் மூலையை நோக்கிச் சாயும். மூலையில் இருப்பவை உயரத்தைவிட அகலம் கூடிய துக்கடாக்கள். இவற்றை மட்டும் வைத்து இனம் சொல்ல அனுபவசாலிகளே தயங்குவார்கள். பல சுறாக்களில் மேல்தாடைப் பல் அகன்ற கத்தி, கீழ்த்தாடைப் பல் ஒடுங்கிய முள். கீழே குத்திப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ளதால் அறுப்பதற்கான ஏற்பாடு அது. கீழ்ப்பல்லின் வேர்க்கால்களுக்கு நடுவே உள்ள வளைவு வழக்கமாக ஆழமாக இருக்கும்.

இடமா வலமா என்று கூடச் சொல்லிவிடலாம். மேல்பல் என்றால் வேரை மேலே வைத்து, கீழ்ப்பல் என்றால் வேரைக் கீழே வைத்து, உதட்டுப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். எதிரே சுறா வாயைத் திறந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனி உங்கள் வலப்பக்கம் சாய்ந்தால் அது சுறாவின் இடப்பக்கத்துப் பல். இதனால் பெரிய பயன் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் ஒரே இடத்தில் கிடைத்த பத்துப் பற்களை இப்படி அடுக்கிப் பார்த்தால் ஒரு வாயின் உருவம் மேசையில் எழும்பி வரும். என் ஆறு இனங்கள் ஒன்றாகச் சுருங்கியதும் அப்படித்தான்.

அடுக்கு பேசுவதைக் கேட்பது

ஒரு பக்கம் சாய்ந்த நுனி, பின்புறம் ஒரு வெட்டு, ஓரமெல்லாம் கருக்கு. இப்படி ஒரு பல்லைக் காட்டினால் யாரும் புலிச்சுறா என்பார்கள். ஆனால் டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்து ஸ்குவாலிகோராக்ஸ் என்ற சுறாவின் பல்லும் கிட்டத்தட்ட இதே தோற்றம்தான். இரண்டுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. ஒரே வேலைக்கு ஒரே மாதிரி கருவி வாய்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்குவாலிகோராக்ஸ் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவோடு காணாமல் போனது. புலிச்சுறாவின் பேரினம் அதன்பின், ஏறத்தாழ 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய ஈயோசீன் காலத்தில்தான் தலைகாட்டுகிறது. ஆக, பாறை அந்தப் பேரழிவுக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரிந்த கணமே சந்தேகம் தீர்ந்தது. பாறை தெரியாவிட்டால் லென்ஸ்தான் கதி: புலிச்சுறாவின் பெரிய கருக்குப் பற்களின் மேலேயே இன்னும் பொடிக் கருக்கு ஓடும், ஸ்குவாலிகோராக்ஸில் கருக்கு ஒற்றைதான்.

இன்னொரு உதாரணம். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே "சுறாப்பல் குன்று" என்றே பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. அங்குள்ள எலும்புப் படுகை ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுப் பழையது. அங்கே கிடைத்ததாகச் சொல்லி, கருக்குள்ள வெள்ளைச் சுறாப் பல் ஒன்றை யாராவது நீட்டினால், பல்லைப் பார்க்கும் முன்பே, இடம் எழுதி அதனோடு வைத்த சீட்டைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைச் சுறா வம்சத்துக்கு அந்தக் காலத்தில் கருக்கே வந்திருக்கவில்லை.

அதனால்தான் இடம் எழுதாத பல்லைக் கண்டால் எனக்கு மனம் சோர்ந்துவிடும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் கதையில் பாதியை யாரோ தொலைத்துவிட்டார்கள்.

அடிக்கடி கைக்கு வருபவை

பெட்டிகளில் மிக அதிகமாக இருப்பது மணற்புலிச் சுறா வகைதான். (பெயரில் மட்டும்தான் புலி, புலிச்சுறாவுக்கு இது உறவு இல்லை.) முன்பற்கள் ஒல்லியாக நீண்டு, பக்கவாட்டில் பார்த்தால் நெளிந்து, அடியில் கூர்மையான குட்டி முனைகளோடு இருக்கும். வேரின் நாக்குப் பக்கத்தில் ஆழமான பள்ளம் ஒன்று ஓடும். அந்தப் பள்ளத்தை மறக்காதீர்கள். கடலில் உருண்டு குட்டி முனைகள் உடைந்துபோன மணற்புலிப் பல்லை மாக்கோ சுறாவினது என்று சொல்பவர்கள் ஏராளம். மாக்கோவுக்கு அந்தப் பள்ளம் அப்படித் துலங்காது. நாக்குப் பக்க மகுடத்தில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரிந்தால், டைனோசர்கள் அழிந்தபின் வந்த பேலியோஜீன் காலத்து ஸ்ட்ரையாட்டோலாமியா என்ற சுறாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கார்கரைனஸ் பேரினம் தலைவலி. இன்று உயிரோடு இருப்பவற்றிலேயே 30-க்கும் மேற்பட்ட இனங்கள். மேல்பற்கள் எல்லாம் கருக்குள்ள சிறு முக்கோணம், கீழ்ப்பற்கள் எல்லாம் ஒல்லி. தனிப் பல்லை வைத்து இது இன்ன இனம் என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். "கார்கரைனஸ் வகை" என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. எலுமிச்சைச் சுறாவின் பல் இதனோடு குழம்பும்: அகலமான தட்டை வேரின் மேல் வழுவழுப்பான ஒற்றை முனை, தலைகீழாக நிற்கும் ஆங்கில T எழுத்து மாதிரி. ஆனால் கருக்குத் தேய்ந்த கார்கரைனஸ் கீழ்ப்பல்லும் அப்படியே தெரியும். லென்ஸ், மூலை, மேலே சொன்ன பாடம்.

ஹெமிப்ரிஸ்டிஸ் செர்ரா எனக்கு மிகப் பிடித்தது. மேல்பல் வளைந்த முக்கோணம். பின்விளிம்பில் கருக்கு அடியிலிருந்து மேலே போகப் போகப் பெரிதாகி, நுனிக்குச் சற்று முன்னால் சட்டென்று நின்றுவிடும். நுனி மட்டும் மழமழவென்று இருக்கும். வேறு எதனோடும் இதைக் குழப்ப முடியாது. அதே சுறாவின் கீழ் முன்பல்லோ ஒல்லியான முள். இரண்டும் ஒரே வாய் என்று பார்த்தால் நம்ப மாட்டீர்கள்.

சீப்பு மாதிரி ஒரே பல்லில் பல முனைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றால், ஐந்து செவுளுக்குப் பதில் ஆறோ ஏழோ உள்ள பழங்குடிச் சுறாக்களின் கீழ்ப்பல் அது. முனையே இல்லாமல், தட்டையான பாளங்களாக, அடியில் சீப்புப் போன்ற வேரோடு கிடைத்தால் அது சுறாவே அல்ல, திருக்கையின் அரைக்கும் பல். கிரெட்டேசியஸ் படிவில் வரிவரியாக மேடிட்ட குமிழ்ப் பல் கிடைத்தால் டைக்கோடஸ். ஓடுள்ள உயிர்களை நொறுக்கித் தின்றது.

இரண்டு பெரிய குடும்பங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் காசும் பொய்யும் இங்கேதான் அதிகம்.

முதலாவது வெள்ளைச் சுறாவின் வம்சம். மயோசீன் காலத்தில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்) கார்கரோடான் ஹஸ்டாலிஸ்: அகன்ற, தட்டையான, கருக்கே இல்லாத முக்கோணம். பழைய சீட்டுகளில் இது "அகன்ற பல் மாக்கோ" என்று இருக்கும். பிறகு, பெருவின் பிஸ்கோ பாறைப் படிவிலிருந்து 2012-இல் பெயரிடப்பட்ட கார்கரோடான் ஹப்பெல்லி: அதே முக்கோணத்தில் மெலிசாகக் கருக்கு அரும்பத் தொடங்கியிருக்கிறது. அதன் தாடை 222 பற்களோடும் 45 முள்ளெலும்புகளோடும் கிடைத்தது, குருத்தெலும்பு விலங்கில் அபூர்வ அதிர்ஷ்டம். அதற்குப் பின் இன்றைய வெள்ளைச் சுறா, முரட்டுக் கருக்கோடு. மூன்று பற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கத்தி கருக்கரிவாளாக மாறியதைக் கண்ணால் பார்க்கலாம்.

இரண்டாவது ஓட்டோடஸ் வம்சம். இதிலும் கருக்கு வருகிறது, ஆனால் தனி வழியில், முந்தியே. டைனோசர்கள் அழிந்ததை அடுத்து வந்த பேலியோசீன், அதன் பின்னான ஈயோசீன் காலத்து ஓட்டோடஸ் ஒப்ளிக்குவஸ் தடித்த வேர், வழுவழு விளிம்பு, இரு பக்கமும் பெரிய குட்டி முனை. மொராக்கோவிலிருந்து மூட்டை மூட்டையாக வருவது இதுதான். அடுத்தடுத்த வாரிசுகளில் கருக்கு வருகிறது, குட்டி முனை சிறுத்துக்கொண்டே போகிறது, கடைசியில், அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடானில் மறைந்துவிடுகிறது. மறைவது ஒரே நாளில் அல்ல. குட்டி மெகலோடான் பல்லில் சில சமயம் முனை எட்டிப் பார்க்கும். ஆகவே மயோசீனின் சிறிய பல்லில் முனை இருப்பதை மட்டும் வைத்து அதன் முன்னோரான சுபுடென்சிஸ் என்று முடிவு கட்டாதீர்கள்.

மெகலோடானா, பெரிய வெள்ளைச் சுறாவா என்ற கேள்விக்கு, மேலே சொன்ன கழுத்துப் பட்டையைத் தேடுங்கள். மெகலோடானில் மகுடத்துக்கும் வேருக்கும் நடுவே அகன்ற, கறுத்த பட்டை தெரியும்; கருக்கு பொடியாக, ஒரே சீராக இருக்கும்; பல் தடிமனானது. வெள்ளைச் சுறாவில் பட்டை துலங்காது, கருக்கு முரடு, பல் தட்டை.

மெகலோடானின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஓர் அங்குலப் பல்லுக்குப் பத்தடிச் சுறா என்று ஒரு வாய்ப்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது. பல் வாயில் எந்த இடத்தது என்று அது கேட்பதே இல்லை. உயரத்தை அளக்கும் கொஞ்சம் நுட்பமான வாய்ப்பாடுகளுக்கும் அதே கோளாறு உண்டு. ஒரே மெகலோடானின் பற்களை அச்செடுத்து அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் கொடுத்து அப்படி ஒரு வாய்ப்பாட்டால் கணக்கிடச் சொன்னபோது, 40 அடியிலிருந்து 148 அடி வரை விடைகள் வந்தன. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு தொடங்கிய இடம் அதுதான்; உயரத்துக்குப் பதில் பல்லின் அகலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அது போய் முடிந்தது. உங்கள் சீட்டில் பல்லின் அளவை எழுதுங்கள், சுறாவின் அளவை விட்டுவிடுங்கள்.

இன்னும் ஆழ்கடலில் மெகலோடான் வாழ்கிறது என்ற கதைக்கும் ஒரு பல்தான் மூலம். 1870-களில் சாலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பல் பசிபிக் அடியிலிருந்து வாரியெடுத்த பற்களின் மேல் மாங்கனீசுப் பூச்சு படிந்திருந்தது. 1959-இல் ஒருவர் அந்தப் பூச்சின் தடிமனைக் கணக்கிட்டு, அவை வெறும் 11,000 முதல் 24,000 ஆண்டுப் பழையவை என்றார். மாங்கனீசு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் படிவதில்லை. கணக்கின் அடிப்படையே ஆட்டம். பாறைகள் காட்டுவது, மெகலோடான் ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது என்பதை.

ஒட்டுவேலையும் போலியும்

சின்னப் பற்களை யாரும் போலி செய்வதில்லை, கூலி கட்டாது. பெரியவற்றில்தான் வேலை நடக்கும். ஒரு பல்லின் மகுடம், இன்னொன்றின் வேர், நடுவே பசை, அதை மறைக்க மண். பாறைத் துண்டில் பதிந்தபடி விற்கப்படும் மொராக்கோப் பற்கள் பல, மணலும் பசையும் குழைத்த "பாறை"யில் பதித்தவையே. பல் நிஜம், பாறைதான் நாடகம். லென்ஸில் பார்க்கும்போது காற்றுக்குமிழ் தெரிந்தால் அது அச்சில் வார்த்த பிசின். மகுடத்திலிருந்து வேருக்குப் போகும் இடத்தில் நிறமும் சொரசொரப்பும் சட்டென்று மாறி, வேரின் துளைகள் திடீரென்று காணாமல் போனால் நிரப்பியிருக்கிறார்கள். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பசையும் நிரப்பியும் பல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். பழுதுபார்த்த பல்லை வாங்குவது குற்றமில்லை, தெரிந்து வாங்கினால்.

கழுவ வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். வினிகர் போன்ற எந்த அமிலமும் வேண்டாம். பல்லே அமிலத்தில் கரையும் கனிமம். என் முதல் பெரிய பல்லை ஓர் இரவு வினிகரில் ஊறப்போட்டு, காலையில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்த ஒன்றை எடுத்தேன். அதன் கருக்கை இன்று யாரும் எண்ண முடியாது.

ஒரு சீட்டு எழுதுவோம்

இப்போது ஒரு பல்லை முழுதாகப் பார்த்துவிடலாம். என் மேசையில் இருப்பது கரும்சாம்பல் நிறம். வெர்னியர் காலிப்பரில் நுனியிலிருந்து நீளமான வேர்க்காலின் முனை வரை 41 மில்லிமீட்டர். கூட வந்த சீட்டில் "மாக்கோ, கால்வெர்ட்" என்று மட்டும் இருந்தது. மேரிலாந்தின் கால்வெர்ட் பாறைமுகம் மயோசீன் காலத்தது, ஏறத்தாழ 2 கோடி முதல் 80 லட்சம் ஆண்டுகள் வரை. வேர்முனைகள் மழுங்கியிருப்பதால் இது அடுக்கிலிருந்து எடுத்ததல்ல, அலை உருட்டிக் கரையில் போட்டது என்று புரிகிறது. அப்படியானால் எந்த அடுக்கு என்று குறிக்க முடியாது.

நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. லென்ஸில் இரண்டு மூலையிலும் கருக்கின் தடயமே இல்லை. ஆக, தேய்ந்துபோனதல்ல, இல்லாதது. குட்டி முனை கிடையாது. அது உடைந்த வடுவும் கிடையாது. வேரில் ஆழப் பள்ளம் இல்லை, மணற்புலி விலகியது. கழுத்துப் பட்டை இல்லை, தடிமனும் இல்லை, ஓட்டோடஸ் விலகியது. ஒல்லி மாக்கோவின் பல் பக்கவாட்டில் நெளியும். இது அகன்று, கிட்டத்தட்ட நேராக, உதட்டுப் பக்கம் தட்டையாக இருக்கிறது. வேர்க்கால்களுக்கு நடுவே வளைவு ஆழமில்லை, மகுடம் அகலம், மேல்தாடை. உதட்டுப் பக்கத்தை என்னை நோக்கி வைத்து வேரை மேலே பிடித்தால் நுனி வலப்பக்கம் சாய்கிறது; சுறாவின் இடப்பக்கம், முன்பல் அல்ல, பக்கப் பல்.

பழைய சீட்டைத் தூக்கிப் போடவில்லை. பின்னால் மடித்து வைத்துவிட்டு, அழியாத மையில் புதியதை எழுதினேன்:

கார்கரோடான் ஹஸ்டாலிஸ். மேல்தாடை, இடப்பக்கம், பக்கப் பல். 41 மி.மீ. கால்வெர்ட் பாறைமுகம், மேரிலாந்து. மயோசீன், கரையில் உதிரி, அடுக்கு தெரியாது. எண் 17.

அதே 17-ஐ, பல்லின் வேரில், மகுடத்தைத் தொடாமல், பொடி எழுத்தில் எழுதியாயிற்று.